பிரேசர் டவுனில் ஒரு தோள்பட்டை

சீமைக்குப் போய்வந்தவர்கள் கப்பலில் வாந்தியெடுத்ததைக்கூட மூன்று அத்தியாயம் எழுதிவிடுகிறார்கள். நான் போனது பெங்களூருக்கு. இதெல்லாம் ஒரு பயணமா என்று சிநேகிதர்கள் கேலி செய்கிறார்கள். கேலி செய்கிறவர்களில் ஒருவராவது மார்கழி மாதத்து விடியற்காலையில் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ஒற்றை வேஷ்டியோடு இறங்கியதுண்டா? வேலூர்க்காரனுக்கு வெயிலைத் தவிர வேறு சீதோஷ்ணம் தெரியாது. எனக்குப் பல் கிட்டிப்போய், "ஜட்கா" என்று கூப்பிடவே இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

நான் போன காரியம் ஓர் எலும்பை எடுத்து வருவது. சைவன் நான், மட்டன் கடை இருக்கிற தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறவன். ஆனால் எங்கள் ஹைஸ்கூலில் நான் சயன்ஸ் உபாத்தியாயர், அதுவும் தற்காலிகம். தற்காலிகமாக இருக்கிறவனை எதை வேண்டுமானாலும் தூக்கிவரச் சொல்லலாம் என்பது ஹெட்மாஸ்டரின் கொள்கை.

விஷயம் இதுதான். ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, வாலிபத்தில் ருஷியாவில் சுரங்க வேலை பார்த்தவர். பிறகு கோலார் தங்க வயலுக்கு வந்து, கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு, அங்கேயே காலமானார். உயிலில் கடிகாரங்களை ஒருவருக்கும் புத்தகங்களை இன்னொருவருக்கும் எழுதிவைத்தவர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாமத யானையின் தோள்பட்டை எலும்பை எழுதிவைத்திருந்தார். மாமத யானை என்றால் பனி தேசத்தில் இருந்த சடை யானை. இப்போது ஒன்றுகூட உயிரோடில்லை.

அந்தக் காலத்து ஜனங்கள், அதாவது சரித்திரம் எழுத ஆள் பிறப்பதற்கு முந்தின ஜனங்கள், அந்த யானையை நாம் வாழை மரத்தை வைத்துக்கொண்டிருப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றையும் வீணாக்கவில்லை. கறியைத் தின்றார்கள். மரம் முளைக்காத ஊராகையால் தாடை எலும்புகளை அடுக்கிச் சுவர் வைத்தார்கள். தந்தம் இரண்டை வளைத்து நிறுத்தினால் வாசல், மேலே தோலைப் போர்த்தினால் கூரை. மிச்ச எலும்பு அடுப்புக்கு விறகு. சில்லு தெறித்தால் ஊசி. இன்றைக்கும் பனியைத் தோண்டினால் தந்தம் கிடைக்கிறதாம். கிளப்பில் துரைமார்கள் கோலால் குத்தி உருட்டுகிற பந்தில் எத்தனை அந்தத் தந்தத்தில் கடைந்ததோ, யார் கண்டது. மற்றதெல்லாம் மியூசியக் கண்ணாடிப் பெட்டிகளில். ஒரு துண்டு பிரேசர் டவுனில்.

ஹெட்மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடக் கண்காட்சியைத் திறக்க வருகிற கலெக்டரிடம், "வெறும் எலும்பு இல்லை, ஆதிமனிதன் கைபட்ட வெட்டுக்குறிகள் உள்ள எலும்பு" என்று அளந்துவிட்டார். என்னிடம் சொன்னது வேறு: பெங்களூரில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் எழுத்துமூலம் அத்தாட்சி வாங்கிக்கொண்டு வாருங்கள், வந்த பிறகு உங்கள் நிரந்தரத்தைப் பற்றிப் பேசலாம். ஆக, ஒரு செத்த யானையின் தோளில்தான் என் பிழைப்பு உட்கார்ந்திருந்தது.

ஜட்காக்காரர் ஒரு பாய். ஏறி உட்கார்ந்ததும், "சாமி, ஜரா முன்னால நவுருங்க, வண்டி பின்னால தூக்குது" என்றார். நகர்ந்தேன். ஜரா பின்னால என்றார். பின்னால் போனேன். இப்படி நான் உள்ளே தேர் இழுத்துக்கொண்டிருக்க, குதிரை ஒவ்வொரு சாராயக் கடை வாசலிலும் தானாக நின்றது. கேட்டால், இதற்கு முந்தின சொந்தக்காரனின் பழக்கமாம். தான் தொழுகை தவறாத மனுஷனாம். குதிரைக்குச் சொன்னால் புரியவில்லையாம். ஸ்டேஷனிலிருந்து பிரேசர் டவுன் போய்ச் சேருவதற்குள் கண்டோன்மெண்டில் எத்தனை சாராயக் கடை என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

வழியில் ஒரு உடுப்பி ஹோட்டலில் சூடாக அவரைக்கொட்டை போட்ட உப்புமா. அதற்காக இந்த ஊரின் எல்லாக் குற்றங்களையும் மன்னிக்கலாம், சாம்பாரில் வெல்லம் போடுகிற குற்றம் நீங்கலாக. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் கன்னடத்தில், "இவர் காசிக்குப் போகிறவரா, காசியிலிருந்து வருகிறவரா? காதை இப்படி மூடியிருக்கிறாரே" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதை அவர்களுக்குச் சொல்லாமலே எழுந்து வந்தேன். என் மப்ளரைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான்.

துரை வீட்டில் நாற்காலி மேஜையெல்லாம் போய்விட்டிருந்தன. சமையல்கட்டில் மட்டும் புகை வந்தது. அங்கே ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை போட்ட ஓர் அம்மாள் மணையில் உட்கார்ந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தார். துரைக்குப் பதினோரு வருஷம் சமைத்த ஆரோக்கியமேரி. நான் வந்த விஷயத்தைச் சொல்லி, எலும்பு எங்கே என்று கேட்டேன். அவர் கத்தியால் கீழே காட்டினார். கறி இருந்ததே அதன் மேல்தான்.

முழங்கையைத் தாண்டும் நீளம், முறம்போல் அகலம், மஞ்சளேறி வழவழவென்றிருந்தது. அதன் நடுவே ஆட்டு ஈரல்.

"ஐயையோ, என்னம்மா இது, இதுலயா வெட்டுறீங்க?"

"ஏன் சார்? மழைக்கு மரப்பலகை வெடிச்சிப் போச்சு. இது அலமாரியில சும்மா கெடந்துச்சு. தொரதான் சொன்னாரு, அந்தக் காலத்து ஜனம் இதும்மேல வச்சித்தான் கறி வெட்டிச்சாம். அப்ப இது அதும் வேலையத்தான செய்யுது? இதுல வெட்டினா கறி வழுக்காது சார்."

தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய வெட்டுகளும் இதில் எங்கேயாவது இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, எலும்பைக் கொடுங்கள் என்றேன். அந்த அம்மாள் ஈரலைச் சட்டிக்கு மாற்றிவிட்டு, எலும்பைக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டார்.

கண்டோன்மெண்டில் சமையல்காரர்களுக்குச் சீட்டுத்தான் சொத்து. ஒரு துரை வேலையை விட்டு அனுப்பும்போது, இன்னார் யோக்கியமானவர், நன்றாகச் சமைப்பார் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் தருவார். அதைக் காட்டாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். இவருடைய துரையோ இன்றைக்கு எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். மாதக் கடைசியில் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு நான்கு நாள்தான் இருந்தது. நாலு பங்களாவில் கேட்டுப் பார்த்தாயிற்றாம், நாலு பேரும் கேட்டது சீட்டு.

"நீங்க இங்கிலீஸ் படிச்சவரு. ஒரு சீட்டு எழுதுங்க, எலும்ப எடுத்துக்கங்க."

நான் உங்கள் எஜமானனும் இல்லை, உங்கள் சமையலை ருசி பார்த்தவனும் இல்லை, கறியே தின்னாதவன் எழுதிய சீட்டைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்தார். நீங்கள் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். தேவசகாயம் என்று ஒரு பெரியவரிடம் இந்த எலும்புக்கு அத்தாட்சி வாங்கப் போகிறேன் என்றேன்.

"எலும்புக்கே சீட்டுக் குடுக்குறாரா? அப்ப எனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கியாங்க."

வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதற்கு என்ன, வாய்தானே. மாதாகோயில் பக்கம் பார்த்துச் சத்தியம் செய்யச் சொன்னார், அதையும் செய்தேன். வேறு துணி கிடைக்காததால் என் மாற்று வேஷ்டியில் எலும்பைச் சுற்றித் தந்தார்.

தங்கியது அல்சூரில் என் அக்கா வீட்டில். அக்கா மூட்டையைத் தொட்டுப் பார்த்து, என்னவென்று கேட்டு, தெரிந்ததும் இரண்டடி பின்வாங்கினாள். "எலும்பை வீட்டுக்குள்ள கொண்டாந்தியா? பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடுடா இது" என்று என்னையும் மூட்டையையும் சேர்த்து வெளியே தள்ளினாள். தெருவில் வைத்தால் நாய். திண்டாடிக்கொண்டிருந்தபோது அக்கா புருஷரான மாமா ஒரு யோசனை சொன்னார். வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். மாமா ஆபீசில் பெரிய புத்திசாலி என்று பேர்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் பதினைந்து பேர். பெண்கள் தலையில் முக்காட்டோடு அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகனம் செய்யப்பட்டவர்களின் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசல் மரத்தில் வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது நம் வழக்கமாயிற்றே. காவேரிக்குக் கொண்டுபோகிறவரைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

எதிர்வீட்டு நாயுடு என் தோளில் கை போட்டு, யாரென்று மெதுவாகக் கேட்டார். யானை, ஐயா, என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையனுக்குத் துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று மற்றவர்களுக்குச் சைகை செய்தார். மூட்டையின் அளவைப் பார்த்த ஒரு கிழவர், நல்ல ஆகிருதியான மனுஷராக இருந்திருப்பார் என்றார். பத்தடி என்று என் வாயில் வந்துவிட்டது. அக்கா முறைத்தாள். மாமா சந்தடியில்லாமல் ஆபீசுக்கு நழுவிவிட்டார். கடைசியில் நான் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, வரலாறு சொல்லி முடித்த பிறகும், வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லாமலே கிளம்பினார்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதல்லவா. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

தேவசகாயம் அல்சூர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லும் எலும்பும் வீடு முழுக்க. நான் போனபோது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தயிர்சாதம் தனியாக வைத்தார்கள். அவர் ஒரு கவளம் வாயில் போட்டார், நின்றார், இரண்டு விரலை விட்டு ஓர் எலும்புச் சில்லை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுச் சில்லு வரிசையாக இருந்தது. சமையல்காரன் ஆட்டை வெட்டவில்லை, அடித்து நொறுக்குகிறான், போன மாதம் ஒரு பல் போயிற்று, இந்தக் கண்டோன்மெண்டில் மூட்டுத் தெரிந்து வெட்டுகிற ஒரு கை கிடையாது என்று சாப்பிட்டு முடிக்கும்வரை அதே பாட்டு.

எலும்பைப் பார்த்ததும் மனுஷர் மாறிவிட்டார். ஜன்னலோரம் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை வைத்து, அரைமணி நேரம் மூச்சு விடவில்லை. இந்த மஞ்சள் நிறத்தைப் பார், ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணில் ஊறிய நிறம் என்றார். அது மண் இல்லை, மஞ்சள்தூள் என்று எனக்குத் தெரியும். பிறகு வெட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். இது ஆதிமனிதனின் கை, சந்தேகமே இல்லை என்றார். அதுவும் யாருடைய கை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நிரந்தரம் என்ற வார்த்தை கண் முன்னால் நின்றது; வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு தாள் எழுதினார். முதல் தாளில் எலும்பைப் பற்றி: இன்ன மிருகம், இன்ன பாகம், இன்ன தேசம். இரண்டாவது தாள் வெட்டுகளைப் பற்றி. எழுத எழுத அவருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. தமிழில் சொன்னால் இவ்வளவு:

"சம்பந்தப்பட்டவர்களுக்கு. இந்த வெட்டுகளை நான் நேரில் பரிசீலித்தேன். இவற்றைப் போட்ட கை பதறாத கை. மூட்டு எங்கே விலகும் என்று அறிந்த கை. ஒரு வெட்டுக்கூட வீணில்லை. இது நீண்ட பழக்கமும் பொறுமையும் உள்ள ஒருவருடைய வேலை என்று தயக்கமின்றிச் சொல்வேன்."

கீழே கையெழுத்து, முத்திரை. நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, வாக்குக் கொடுத்த தோஷத்துக்கு, ஆரோக்கியமேரி என்ற சமையல் அம்மாளுக்கும் ஒரு சீட்டு எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தர் வேலையைக் கண்ணால பாக்காம நான் சீட்டுக் கொடுக்கிறதில்ல, மிஸ்டர்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜட்கா ஏறினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாள் பிரேசர் டவுன் போனபோது ஆரோக்கியமேரி அம்மாள் தகரப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சீட்டு கிடைக்கவில்லை என்றேன். அவர் திரும்பப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எலும்புக்காவது கொடுத்தாரா, என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். நான் இரண்டாவது தாளைத் தமிழில் படித்தேன். படிக்கப் படிக்க அவர் முகம் விரிந்தது. கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"சார், இது என் கைதான?"

எலும்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். நான் எழுத்தைப் படிப்பதுபோல் அவர் அதைப் படித்தார். இது கிறிஸ்துமஸ் பன்றித் தொடை. இது துரைக்குப் பல் போனபிறகு தினமும் கொத்தின கறி. இது அவர் போன அன்றைக்கு, வந்தவர்களுக்குச் சமைத்தபோது வெட்டியது. பிறகு எலும்பைத் திருப்பி, ஓரத்தில் விரல் வைத்தார். அங்கே நாலே நாலு கோடு, மயிரிழைபோல், பக்கத்தில் பக்கத்தில்.

"இது என்னுது இல்ல சார். மொதல் நாளே பாத்தேன். அதும்மேல கத்தி படக்கூடாதுன்னு இந்த ஓரத்த விட்டுட்டுத்தான் வெட்டுவேன்."

ஏன் என்று கேட்டேன்.

"அது இன்னொரு ஆளோட வேல இல்லியா? கத்தி சரியில்ல பாவம், கல்லுதான் வச்சிருந்திருக்கும். ஒரு இழுப்புல வேல முடியல, நாலு வாட்டி இழுத்திருக்கு. ஆனா நரம்பு எங்க ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கு. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்."

பெரியவரின் பூதக்கண்ணாடி அரைமணி நேரம் தாண்டித் தாண்டிப் போன இடம் அது. கல் கத்தியோடு எங்கோ பனியில் குந்தியிருந்த ஓர் ஆளை, எத்தனையோ ஆயிரம் வருஷம் கழித்து, அதே தொழில் செய்கிற ஒருவர் அடையாளம் கண்டு, அவர் வேலை கெடாமல் ஒதுங்கி வெட்டியிருக்கிறார். நானோ சத்தியம் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை.

இரண்டாவது தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதில் யானை என்ற வார்த்தையே இல்லை. ஆதிமனிதன் என்ற வார்த்தையும் இல்லை. சம்பந்தப்பட்டவர்களுக்கு என்று ஆரம்பிக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. அவர் அதை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். எலும்பைக் கடைசியாக ஒரு தடவை முந்தானையால் துடைத்துத் தந்தார்.

ஊருக்கு வந்ததும் ஹெட்மாஸ்டர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, வெட்டுக்கு அத்தாட்சி எங்கே என்றார். நானே எழுதிவிட்டேன் என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியில் சீட்டை ஒட்டினேன்: "ஓரத்திலுள்ள நான்கு கோடுகள், ஆதிமனிதர். மற்றவை அனைத்தும், ஆரோக்கியமேரி அம்மாள், பிரேசர் டவுன். அடையாளம் கண்டவரும் அவரே." ஹெட்மாஸ்டர் அதைக் கிழிக்கக் கையை நீட்டுவதற்குள் கலெக்டர் வந்துவிட்டார். மற்ற மேஜைகளை ஒரு பார்வை பார்த்தவர், இந்தப் பெட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். என்ன நினைத்தாரோ தெரியாது. என் நிரந்தரத்தைப் பற்றி ஹெட்மாஸ்டர் அதற்கப்புறம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனியில் தேவசகாயத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மிஸ்டர், போன மாதம் சமையல் வேலை கேட்டு ஓர் அம்மாள் வந்தாள். கையில் சீட்டு இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தால் என் எழுத்து. உம்மை ஜெயிலில் போடலாமா என்று யோசித்தேன். பிறகு ஓர் ஆட்டுத் தொடையைக் கொடுத்து வெட்டச் சொன்னேன். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இப்போது என் தட்டின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. அந்த நாலு கோட்டைப் பற்றி அவள் சொன்னாள். நான் கவனிக்கவில்லை என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன், கண்காட்சியில் வைத்துக்கொள்ளும்.

பின்குறிப்பு: என் வீட்டுப் பலகை அவளுக்குப் பிடிக்கவில்லை, கறி வழுக்குகிறதாம். அந்த எலும்பு உங்கள் பள்ளிக்கூடத்தில் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்."

கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சயன்ஸ் அறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். சும்மாதான் கிடந்தது.